குண்டும் காப்பும்: போர் எச்சங்களிலிருந்து பிறந்த அணிகலன்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

அணிகலன்களை அழகுணர்ச்சியின் வெளிப்பாடாகவோ செல்வத்தின் அடையாளமாகவோ நோக்குவதே பெருவழக்கு. ஆயின், அவை போரின் வரலாற்றோடும் நெருங்கிய தொடர்புடையன என்பதற்குத் தமிழிலக்கியமே சான்று பகரும். சோழன் கிள்ளிவளவனை ஆவூர் மூலங்கிழார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று, பகைவரின் அரண்களை அழித்து, அவர்தம் முடிப் பொன்னைக்கொண்டு தன் காலுக்குக் கழல் செய்துகொண்ட அம்மன்னனின் ஆற்றலைப் போற்றுகின்றது. அரசர் எழுவரின் முடிப் பொன்னாற் செய்த ஆரத்தைச் சேர மன்னர் மார்பில் அணிந்தமையைப் பதிற்றுப்பத்துக் கூறும். இவ்விரு சான்றுகளிலும் போரின் எச்சமே அணியாகின்றது. ஆயினும் அதனை அணிபவன் வென்றவன். தோற்றவனது பொன் வென்றவனின் காலிலும் மார்பிலும் கிடந்து அவன் புகழையே பேசுகின்றது.

இதற்கு நேர்மாறானதொரு வழக்கு எமது காலத்தில் தோன்றியுள்ளது. குண்டு வீசியவன் அன்றி, குண்டுக்கு இலக்கானவனே அக்குண்டின் உலோகத்தை உருக்கிக் காப்பும் பதக்கமும் செய்கின்றான். அவை சமாதானத்தின் சின்னங்களென உலகச் சந்தையில் விலைபோகின்றன. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? இவ்வணிகள் உண்மையிற் சமாதானத்துக்கு உதவுவனவா, அன்றிப் போரின் கொடுமையை மெருகிட்டு மறைப்பனவா? இவ்வினாக்களை லாவோஸ் நாட்டின் வரலாற்றைச் சிறப்பாக ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரின் பணியில் அணிகலன்

அணிகலன் இயல்பாகவே சமாதானத்தின் பக்கம் நிற்பதொன்றன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். நெப்போலியனுக்கு எதிரான போருக்குப் பொருள் திரட்டும்பொருட்டு 1813ஆம் ஆண்டிற் பிரசியப் பெண்கள் தம் பொன் நகைகளை அரசுக்கு ஈந்து, அவற்றுக்கு ஈடாக இரும்பு நகைகளைப் பெற்றனர். பொன் அணிவது நாணத்துக்குரியதாகவும் இரும்பு அணிவது பெருமைக்குரியதாகவும் அன்று கருதப்பட்டது. இத்தாலியின் முசோலினி ஆட்சி 1935 டிசெம்பர் 18ஆம் நாளில் இதே வழியைக் கையாண்டது. எத்தியோப்பியா மீதான படையெடுப்புக்கென மக்கள் தம் திருமண மோதிரங்களைக் கொடுத்து உருக்கு மோதிரங்களைப் பெற்றுச்சென்றனர். இவ்விடத்துப் பொன் போராகியது, இரும்பு அணியாகியது. ஒரு மோதிரம் எதனாற் செய்யப்பட்டது என்பதைக் கொண்டு மட்டும் அதன் பொருளைத் துணிய முடியாது. எதன்பொருட்டு, யாரால், யாருக்காக அது செய்யப்பட்டது என்பதே முதன்மையான வினாவாகும்.

பதுங்குகுழிகளிற் பிறந்த மோதிரங்கள்

போரில் எறியப்பட்ட ஆயுதத்தின் உலோகமே அணியாகும் வழக்கு பெருமளவிற் பரவியது முதலாம் உலகப் போரின்போதாகும். 1914ஆம் ஆண்டின் இறுதியில் மேற்குப் போர்முனையில் இருதரப்புப் படைகளும் பதுங்குகுழிகளுள் நிலைகொண்டன. நெடுநாட் காத்திருப்பும் சலிப்பும் அச்சமும் நிறைந்த அவ்வாழ்விற் படைவீரர் சிலர் தமக்கு எட்டிய பொருள்களைக் கொண்டு சிறு கைவேலைகளில் ஈடுபட்டனர். ஜேர்மானிய எறிகணைகளின் முனையிலிருந்த வெடியூட்டிகளில் அலுமினியம் இருந்தது. பிரெஞ்சு வீரர் அதனைச் சேகரித்து, உருக்கி வார்த்து, அரத்தால் அராவி, கத்தி முனையாற் பூவும் இலையும் எழுத்தும் பொறித்து மோதிரங்களாக்கினர். எறிகணைகளின் பித்தளைக் கோதுகள் பூச்சாடிகளாயின. துப்பாக்கி ரவைக் கோதுகள் சிலுவைகளும் பதக்கங்களுமாயின. பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்பொலினேரும் 1915ஆம் ஆண்டிற் போர்முனையில் இத்தகைய மோதிரங்களைச் செய்து தாம் காதலித்த பெண்களுக்கு அனுப்பியவரே.

ஈண்டு அலுமினியத்தின் வரலாறும் நோக்கற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது அருமையான உலோகமாக மதிக்கப்பட்டு, 1855ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் விந்தைப் பொருளாக வைக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோல் என்பாரும் பிரான்சில் எரூ என்பாரும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறை அதனை மலிவாக்கியது. மலிந்தமையாலேயே அது போர்க் கருவிகளுட் புகுந்தது. அரசரின் மேசையை அலங்கரித்த உலோகம் எறிகணையின் முனையில் ஏறி, அங்கிருந்து ஓர் உழவன் மகனின் கையால் மோதிரமாகி, ஊரிலிருந்த அவன் மனைவியின் விரலை அடைந்தது.

பிற்காலத்திற் பதுங்குகுழிக் கலை எனப் பெயர்பெற்ற இப்பொருள்களை ஆராய்ந்த நிக்கலஸ் சோண்டர்ஸ் என்னும் மானிடவியலறிஞர், அவற்றைச் செய்தோரைப் படைவீரர், குடிமக்கள், வணிகர் எனப் பகுத்து நோக்கியுள்ளார். போரின் பின்னர், மடிந்த தம் மைந்தரின் புதைகுழிகளைக் காணவந்த பெற்றோரும் கைம்பெண்களும் அங்கு விற்கப்பட்ட பித்தளைக் கோதுகளை வாங்கிச் சென்று தம் வீடுகளில் வைத்தனர். அவை அவர்களுக்கு இறந்தோரின் நினைவாயின. ஆயினும் அவற்றைச் சமாதானச் சின்னங்களென யாரும் அன்று அழைத்திலர். காதலும் துயரும் வெற்றிப் பெருமிதமும் அவற்றிற் கலந்திருந்தன. அம்மோதிரங்கள் உலகெங்கும் பரந்தும், ஏறத்தாழ இருபதாண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

பிற்கால மாற்றம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் போரெச்சங்களாற் செய்யப்பட்ட பொருள்கள் புதியதொரு பொருளைப் பெறலாயின. 1992 ஏப்பிரில் முதல் 1996 பெப்ரவரி வரை முற்றுகையிடப்பட்டிருந்த சராயேவோ நகரில், துருக்கியர் ஆட்சிக்காலந் தொட்டுச் செம்புப் பாத்திரம் செய்துவந்த கன்னார், நகரின்மேற் பொழிந்த எறிகணைகளின் கோதுகளிற் சித்திர வேலைப்பாடுகளைப் பொறித்தனர். மொசாம்பிக்கில் 1992இல் உள்நாட்டுப் போர் முடிவுற்றபின், 1995ஆம் ஆண்டிற் கிறித்தவ சபைகளின் மன்றம் ஆயர் தினிஸ் செங்குலானே அவர்களின் முன்முயற்சியால் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மறைத்து வைத்திருந்த துப்பாக்கிகளை ஒப்படைத்தோர் மண்வெட்டி, தையல் இயந்திரம், துவிச்சக்கரவண்டி முதலியவற்றைப் பெற்றனர். துண்டாக்கப்பட்ட துப்பாக்கிகளைக் கொண்டு மாப்புத்தோ நகரக் கலைஞர் சிற்பங்கள் செய்தனர். அவற்றுள் ஒன்றான ஆயுத அரியணை 2001ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு இன்று பிரித்தானிய அரும்பொருளகத்தில் உள்ளது. முன்னர் இத்தாலியரின் திருமண மோதிரங்களை விழுங்கிய போர் நிகழ்ந்த எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவை அடுத்த என்டோட்டோ மலைப்பகுதிப் பெண்கள் பிற்காலப் போர்களின் ரவைக் கோதுகளை உருக்கி மணிகள் செய்கின்றனர்.

இவையனைத்திலும் செய்பவர் படைவீரர் அல்லர், போரைத் தாங்கியவர். இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது லாவோஸ்.

வானிலிருந்து விழுந்த உலோகம்

1962 யூலை 23ஆம் நாளில் ஜெனீவாவிற் பதினான்கு நாடுகள் லாவோசின் நடுநிலைமையை மதிப்பதாகக் கையொப்பமிட்டன. ஆயினும் அந்நாட்டின் தென்கிழக்கினூடாக வட வியட்நாமின் ஹோ சி மின் பாதை சென்றது. வடக்கிலே பத்தெட் லாவோ இயக்கத்தினர் வலுப்பெற்றிருந்தனர். இவ்விரண்டையும் காரணமாகக் கொண்டு 1964 முதல் 1973 வரை ஐக்கிய அமெரிக்கா லாவோஸ் மீது விமானத் தாக்குதல் நடத்தியது. தன் சொந்த மக்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நெடுங்காலம் வெளிப்படையாக அறிவிக்காது நடத்தியமையால் இது இரகசியப் போர் எனப்பட்டது. 1968 நவம்பரில் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சு நிறுத்தப்பட்டபோது, அங்குப் பயன்பட்ட விமானங்கள் லாவோசின்மீது திருப்பப்பட்டன. ஓரிடத்து அமைதி மற்றோரிடத்து அழிவாயிற்று.

ஒன்பதாண்டுகளில் நிகழ்ந்த பறப்புகள் ஏறத்தாழ 5 இலட்சத்து 80 ஆயிரம். இரவு பகலாகக் கணக்கிடின், எட்டு நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு விமானம் தன் சுமையைக் கொட்டிச் சென்றது என்பது பெறப்படும். வீசப்பட்ட குண்டுகளின் நிறை 20 இலட்சம் தொன்னுக்கு மேல். அன்று அந்நாட்டின் மக்கள்தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியிருக்கவில்லை.

இவற்றுள் மிகக் கொடியன கொத்தணிக் குண்டுகள். ஒரு பெருங்கூடு வானிலே பிளந்து அறுநூறுக்கு மேற்பட்ட சிறுகுண்டுகளை வயலெங்கும் விதைக்கும். பந்தளவினதான ஒவ்வொரு சிறுகுண்டிலும் சில நூறு உருக்குச் சன்னங்கள் பதிந்திருக்கும். லாவோஸ் மக்கள் இதனைப் பொம்பி என்பர். ஏறத்தாழ 27 கோடி சிறுகுண்டுகள் வீசப்பட்டன. அவற்றுள் 8 கோடி வரை வெடிக்காது மண்ணிற் புதைந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. தொன்மையான கற்சாடிகளாற் பெயர்பெற்றதும் 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டதுமான சாடிச் சமவெளியைக் கொண்ட சியெங் குவாங் மாகாணம் பெரும் அழிவுக்குள்ளாகியது. மக்கள் குகைகளில் ஒதுங்கி, இரவில் வயலுழுதனர். குகைகளும் காப்பாகவில்லை. 1968 நவம்பர் 24ஆம் நாள் தாம் பியூ குகையினுட் பாய்ந்த றொக்கற்றினால் அங்கு ஒதுங்கியிருந்த 374 பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இம்மக்களின் வாய்மொழியையும் அவர்கள் வரைந்த ஓவியங்களையும் அகதி முகாம்களிலே திரட்டி, 1972ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் பிரட் பிரான்ஃப்மன் என்னும் அமெரிக்கர். இரகசியப் போரின் இரகசியம் உடைந்தமைக்கு அவ்வுழைப்பும் ஒரு காரணமாகும்.

கரண்டியிலிருந்து காப்பு வரை

1973இற் குண்டுவீச்சு நின்றது. ஊர் திரும்பிய உழவருக்கு வீடுமில்லை, மாடுமில்லை, கலமுமில்லை. எஞ்சியிருந்தது உலோகம் மட்டுமே. குண்டுக் கூடுகள் வீட்டுத் தூண்களாயின, வேலிக் கம்பங்களாயின, வெங்காயம் நடும் தொட்டிகளாயின. விமானங்கள் கழற்றி வீசிய எரிபொருட் கலங்கள் ஓடங்களாயின. பான் நாப்பியா என்னும் சிற்றூரிற் சில குடும்பத்தினர் அலுமினியத்தை உருக்கிக் கரண்டிகள் வார்க்கத் தொடங்கினர்.

அத்தொழிலின் முறை எளிமையானது. முற்றத்திலே மண்ணால் ஓர் உலை. விறகுத் தீயில் வெம்மை 660 பாகையைக் கடக்கும்போது அலுமினியம் இளகும். மரச் சட்டத்தினுட் சாம்பலை இறுக்கி அமைத்த அச்சினுள் உருகிய உலோகம் அகப்பையால் ஊற்றப்படும். சிறிது நேரத்தில் அச்சைத் திறந்து கரண்டியை எடுத்து, பிசிறு நீக்கி, அராவி மெருகிடுவர். நெல் விளைச்சல் ஓய்ந்த காலத்தில் நிகழும் இவ்வேலையால் உண்டான கரண்டிகள் அயற் சந்தைகளுக்கும் உணவுக் கடைகளுக்கும் சென்றன. குண்டு வீசப்பட்ட ஊரவர் அக்குண்டினாலேயே சோறுண்டனர்.

ஈண்டு ஓர் உண்மையை வலியுறுத்தல் தகும். அக்கரண்டிகள் சமாதானத்தை வேண்டிச் செய்யப்பட்டன அல்ல; வறுமையாற் செய்யப்பட்டன. சமாதானம் என்னும் பெயர் பின்னரே வந்தது. 2008ஆம் ஆண்டளவில் லாவோஸ் சென்ற எலிசபெத் சுடா என்னும் அமெரிக்கப் பெண் இக்கைவினைஞரைக் கண்டு, அதே உலையிற் காப்புகளை வார்க்கும் முயற்சியைத் தொடங்கினார். அதன்வழி உருவான நிறுவனம் ஆட்டிக்கிள் 22 எனப் பெயர் பெற்றது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் மாந்தரின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளைக் கூறும் 22ஆம் உறுப்புரையை இப்பெயர் குறிக்கும். விற்பனையில் ஒரு பகுதி வெடிபொருள் அகற்றும் பணிக்கு வழங்கப்படுகின்றது. குண்டு பிறந்த நாட்டிலேயே அக்குண்டு காப்பாக விற்கப்படுகின்றது. ஏறியது எப்பெயரோடோ, இறங்கியது வேறு பெயரோடு.

இரு ஐயங்கள்

இம்முயற்சியைப் போற்றுவது எளிது. ஆயின் வரலாற்று நோக்குடையோர் இரண்டு ஐயங்களை எழுப்புதல் கடன்.

முதலாவது, செய்பவரின் உயிர் பற்றியது. 1964 முதல் 2008 வரை லாவோசில் ஏறத்தாழ 50,000 பேர் வெடிபொருள்களால் இறந்தோ காயமுற்றோ உள்ளனர். அவருள் ஏறத்தாழ 20,000 பேர் போர் முடிந்தபின் பாதிக்கப்பட்டோர். பழைய இரும்பு சேகரிப்பு இவ்விபத்துகளுக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. உலோகத்தின் விலை உயருந்தோறும் சிறுவர் உட்படப் பலர் மண்ணைக் கிளறினர். அணிகலனுக்கான விருப்பு உலோகத்துக்கான தேவையைக் கூட்டுமாயின், ஒரு காப்புக்காக மற்றொரு கை போகக்கூடும். வெடிபொருள் அகற்றுவோர் பரிசோதித்த உலோகம் மட்டுமே உலைக்குச் செல்லல் வேண்டும் என்பது வணிக நெறி மட்டுமன்று, அறநெறியுமாம்.

இரண்டாவது ஐயம் பொருளைப் பற்றியது. காப்பு அழகியது, அதன் கதை அழகியதன்று. கதை நீங்கிக் காப்பு மட்டும் எஞ்சுமாயின், அது பதுங்குகுழி மோதிரம் போல ஒரு விந்தைப் பொருளாகிவிடும். துயரை விலைக்கு வாங்கி அணிந்தோம் என்னும் மனநிறைவு, செய்யவேண்டிய கடமையின் இடத்தைப் பிடித்துவிடவும் கூடும். குண்டு வீசிய அரசின் பொறுப்பைக் காப்பு வாங்குவோரின் கருணை ஈடுசெய்ய இயலாது. பதவியிலிருந்த அமெரிக்க அதிபரொருவர் முதன்முறையாக லாவோஸ் சென்றது 2016 செப்டெம்பரிலே. குண்டுவீச்சு நின்று 43 ஆண்டுகள் கழிந்தபின். மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டொலர் வெடிபொருள் அகற்றலுக்கு வழங்கப்படும் என ஒபாமா அவர்கள் அப்போது அறிவித்தார். அதே ஆண்டில் லாவோஸ் அரசு, ஐக்கிய நாடுகளின் பதினேழு வளர்ச்சி இலக்குகளோடு, வெடிபொருள்களிலிருந்து உயிர் காத்தலைத் தனது பதினெட்டாம் இலக்காகச் சேர்த்துக்கொண்டது.

இவ்வையங்கள் இவ்வணிகளை ஒதுக்குதற்குக் காரணங்களல்ல. அவற்றை அளத்தற்கான கோல்களாகும். செய்பவர் உயிருக்கு ஊறின்றிச் செய்யப்படல், உழைப்புக்கு உரிய பங்கு அவரைச் சேர்தல், உலோகம் எங்கிருந்து வந்ததென்பது மறைக்கப்படாது சொல்லப்படல், அதனால் ஒரு சாண் நிலமேனும் தூய்மையாதல் ஆகிய நான்கும் பொருந்துமிடத்தே ஓர் அணி சமாதானத்துக்கு உதவுகின்றது எனலாம். பொருந்தாவிடத்து அது நகை மட்டுமே.

சட்டமும் சான்றும்

சான்றுப் பொருளின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுதலும் தவறாகும். கொத்தணிக் குண்டுகளைத் தடைசெய்யும் சமவாயம் 2008 மே மாதம் டப்ளினில் ஏற்கப்பட்டு, அவ்வாண்டு டிசெம்பரில் ஒஸ்லோவிற் கையொப்பமிடப்பட்டு, 2010 ஓகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் உறுப்பு நாடுகளின் முதற் கூட்டம் அவ்வாண்டு நவம்பரில் லாவோசின் தலைநகரான வியன்தியானிலே நடைபெற்றமை தற்செயலன்று. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. இலங்கையும் 2017 டிசெம்பரிற் கண்ணிவெடித் தடைச் சமவாயத்திலும், 2018 மார்ச்சிற் கொத்தணிக் குண்டுச் சமவாயத்திலும் இணைந்தது. வெடிபொருள் அகற்றுவோர் நட்ட சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்கு அப்பாற் கிடந்த தம் வயலை வேலிக்கு இப்பால் நின்று பார்த்த அனுபவம் எமது வடபுல உழவருக்கும் உண்டு. ஆதலின் லாவோசின் கதை எமக்கு வேற்றார் கதையன்று.

ஆயினும் ஐக்கிய அமெரிக்காவும் ரசியாவும் சீனாவும் இச்சமவாயத்தில் இணையவில்லை. 2023இல் உக்ரேன் போருக்கெனக் கொத்தணிக் குண்டுகள் அமெரிக்காவினால் வழங்கப்பட்டன. 2025 மார்ச்சில் லித்துவேனியா சமவாயத்தினின்று விலகியது. ஒருபுறம் குண்டு உலையில் உருகிக் காப்பாகும் வேளையில், மறுபுறம் ஆலையிற் குண்டு வார்க்கப்படுகின்றது. ஆலையின் வேகத்தோடு முற்றத்து மண்ணுலை போட்டியிட இயலாது. அணிகலன் போரை நிறுத்தும் என எதிர்பார்த்தல் அதன்மேல் ஏற்றலாகாத சுமையாகும். போர் நிகழ்ந்தது என்பதை மறுக்கவியலாதபடி கையில் வைத்துக் காட்டலே அதனால் இயல்வது. நெடுங்காலம் மறைக்கப்பட்ட ஒரு போரைப் பொறுத்தவரை அது சிறு பணியன்று.

தமிழிற் காப்பு என்னும் சொல் கையில் அணியும் வளையையும் குறிக்கும், பாதுகாவலையும் குறிக்கும். பகைவரின் முடிப்பொன்னாற் கழல் செய்த மன்னன் தன் வெற்றியை அணிந்தான். பதுங்குகுழி வீரன் தன் ஏக்கத்தை மோதிரமாக்கி அனுப்பினான். பான் நாப்பியாவின் உழவனோ தன்னைக் கொல்லவந்த உலோகத்தை வளையாக்கி, அதனை வீசிய நாட்டவருக்கே விற்கின்றான். அச்சொல்லின் முதற் பொருளை அவன் கை நிறைவேற்றிவிட்டது. இரண்டாம் பொருள் நிறைவேறுதல் அவன் கையில் இல்லை. அவன் பிள்ளைகள் மண்வெட்டியை அச்சமின்றி நிலத்திற் பதிக்கும் நாளிலேயே அக்காப்பு உண்மையிற் காப்பாகும்.